ரிப்போர்ட்டின் கடைசி வரி

சலேஹாவின் கையை ரோலரிலிருந்து எடுத்து அவளை ஆம்புலன்ஸில் ஏற்றி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. லெட்சுமி மேசையில் உட்கார்ந்து, 'இன்' போடுவதா 'இன்டு' போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கை மெஷினுக்குள் போனது என்று எழுத வேண்டும். 'இன்' என்றால் கை முதலிலிருந்தே உள்ளே கிடந்த மாதிரி இருந்தது. வெளியே இருந்தது உள்ளே போனால் 'இன்டு' என்று ஆபீஸ் குலசேகரம் ஐயா சொல்லிக்கொடுத்திருந்தார். சட்டைக் கையில் ரத்தம் காய்ந்து அட்டைபோல விறைத்திருந்தது. 'இன்டு' என்று எழுதினாள். எழுதியதும், இவ்வளவுக்கு நடுவிலும், சரியாகப் போட்டுவிட்டோம் என்று ஒரு சின்ன நிம்மதி வந்தது.

பினாங்கு ரோட்டில் இருந்த அந்த ஓட்டலின் பின்பக்கத்தில் லாண்ட்ரி. சன்னல் உண்டு, காற்று கிடையாது. ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சூடான ரோலருக்குள் விட வேண்டும். மறுபக்கம் அது இஸ்திரி போட்டு வரும். எட்டு மணி நேரம் நின்றால் முட்டிக்குக் கீழே கால் தன்னுடையது இல்லை என்று ஆகிவிடும். ரோலருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். விரிப்பின் மடிப்பு பட்டாலும் நின்றுவிடும். ஒரு நாளைக்கு முப்பது தடவை நின்றதும் மானேஜர் வந்து, "அந்தக் கம்பிய மேல தூக்கிக் கட்டு" என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டுப் போனார். பழைய தலையணை உறையைக் கிழித்துக் கட்டியது லெட்சுமிதான். எட்டு மாதத்துக்கு முன்தான் அவளை சூப்பர்வைசர், தோட்டத்துப் பேச்சில் மண்டோர், ஆக்கியிருந்தார்கள்.

சூப்பர்வைசர் என்றால் ரிப்போர்ட் எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில். லெட்சுமி தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். பால்மரம் வெட்டிய கை. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி குலசேகரம், யாழ்ப்பாணத்து ஆள், வெள்ளைக்காரர்களிடம் படித்தவர், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குக் கால்மணி நேரம் பாடம் சொன்னார். பழைய ரிப்போர்ட் ஃபைலைக் கொடுத்து, "பிள்ளை, இதைப் பார்த்துப் பார்த்து எழுதும். கை தானாகப் பழகும்" என்றார்.

அவள் பார்த்துப் பார்த்து எழுதினாள். அடுப்படியில் வெந்தவன், லிஃப்டில் கால் மாட்டியவன், பாய்லரில் முகம் கருகியவன். ஆளும் இடமும் மாறின. கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றேதான். லெட்சுமிக்கு அது ஆச்சரியமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதும்போது காய்ச்சலோ கல்யாணமோ, முடிவில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' என்று போடுவதுதானே. இங்கிலீஷ் ரிப்போர்ட்டை இப்படி முடிப்பார்கள் போல. அகராதியில் நூறு வார்த்தை தேடியிருக்கிறாள். அந்த வரியை மட்டும் தேடவில்லை.

சலேஹாவின் ரிப்போர்ட்டையும் அந்த வரியோடுதான் முடித்தாள். குலசேகரம் படித்துப் பார்த்தார். "இன்டு சரி. நல்லா வந்திருக்கிறீர்" என்றார். கடைசி வரியில் அவள் பழைய ஃபைலில் இருந்தபடி 'ஹிஸ்' என்று எழுதியிருந்தாள். அதை அடித்து 'ஹெர்' ஆக்கினார். "இது பொம்பிளை எல்லோ" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லெட்சுமி சலேஹா வீட்டுக்குப் போனாள். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை. கீழே நாசி கண்டார் சோற்றுக் கடையில் வெங்காயம் வதங்கும் நெடி. சலேஹா பாயில் உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரை வெள்ளைக் கட்டு. உள்ளே கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

"வா மண்டோரம்மா. கையோட வந்தியா, கைய வீசிக்கிட்டு வந்தியா?" என்று சிரித்தாள். லெட்சுமி கொண்டுவந்த ஆரஞ்சுப் பையை நீட்டினாள். சலேஹா இடது கையால் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதக் கவரை எடுத்தாள்.

"ஆபீஸ்லேருந்து சூராட் வந்திருக்கு. எங்க வீட்டுக்காரு பார்த்துட்டு எல்லாம் எலி கடிச்ச மாதிரி இருக்குங்கிறாரு. நீதான் தொரைசானியாட்டம் இங்கிலீசு படிக்கிறியே. படி லா. எப்ப வேலைக்கு வரச் சொல்றான்? துணி மடிக்கிற வேலையாச்சும் குடுப்பான்ல?"

லெட்சுமி படித்தாள். ஒன்பது வருஷ வேலைக்கு நன்றி. அது புரிந்தது. அடுத்த வரியில் 'சூப்பர்வைசர்' என்று இருந்தது. அதற்கு அடுத்தது அவளுக்கு மனப்பாடமான வரி. டைப் அடித்து, சுத்தமாக, 'ஹெர்' என்ற திருத்தத்தோடு. லெட்டர் நடுவில் அது எதற்கு வந்தது? முடிவில்தானே வர வேண்டும்?

கைப்பையிலிருந்து அகராதியை எடுத்தாள்.

"டிக்சனரியா? அவ்ளோ பெரிய வார்த்தையா போட்டிருக்கான்?"

'நெக்லிஜென்ஸ்.' பக்கத்தைப் புரட்டினாள். அசட்டை. கவனக்குறைவு. விபத்து அவளுடைய சொந்தக் கவனக்குறைவால் நடந்தது. அடுப்படியில் வெந்தவனும் பாய்லரில் கருகியவனும் வரிசையாக வந்து நின்றார்கள். அத்தனை பேர் கழுத்திலும் இந்த வரிதான்.

"என்னடி, மூஞ்சி வெளுத்துப்போச்சு? வேலை இல்லைங்கிறானா?"

"இல்லைங்கிறான்க்கா. உங்க கவனக்குறைவாம்."

"என் கவனக்குறைவா? எந்த நாயி சொன்னான்?"

"சூப்பர்வைசர் எழுதிக் குடுத்ததா போட்டிருக்கு."

சலேஹா சிரித்தாள். "சூப்பர்வைசர் நீதானடி."

"நாந்தான்க்கா."

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை.

"எனக்கு அர்த்தம் தெரியாதுக்கா. எல்லா ரிப்போர்ட்லயும் கடைசியா அது இருந்துச்சு. லெட்டர் முடிப்போமே, அந்த மாதிரின்னு நெனச்சேன்."

"கிராணி பார்த்தாரா?"

"பார்த்தாரு. ஹிஸ்ஸுன்னு இருந்தத ஹெர்ருன்னு மாத்துனாரு. ஆம்பளன்னு இருந்தத பொம்பளன்னு."

"ம். பழி வேற எவன் மேலயும் விழுந்துடக் கூடாதுன்னு." சலேஹா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கம்பியக் கட்டி வச்சிருந்தத எழுதுனியா?"

"இல்ல."

"ஏன்?"

லெட்சுமி வாயைத் திறந்தாள். பயந்துவிட்டேன் என்றாவது சொல்லலாம். அது பொய். அன்றைக்குப் பயமே வரவில்லை. "அதை இங்கிலீசுல எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

தெரிந்த வார்த்தைக்குள் அடங்கியதை மட்டும் எழுதியிருக்கிறாள். 'இன்டு'வுக்கு அரை மணி நேரம் யோசித்தவள், கம்பிக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கவில்லை. அது ரிப்போர்ட்டில் வர வேண்டிய விஷயம் என்றே அன்றைக்குத் தோன்றவில்லை. ஃபைலில் எங்கேயும் அப்படி ஒரு வரி இல்லை.

கீழே யாரோ தேத்தாரே டீ கேட்டுக் கத்தினார்கள். சலேஹா எழுந்துபோய் ஒரு கணக்கு நோட்டிலிருந்து தாளைப் பல்லால் கிழித்து வந்து பாயில் போட்டாள்.

"எழுது."

"இங்கிலீசுல எனக்கு—"

"தமிழ்ல எழுதுடி. உனக்குத் தெரிஞ்சதுல எழுது. யூனியன்ல எவனாச்சும் மாத்திக்குவான். கம்பி எதுக்கு இருந்துச்சு, கட்டச் சொன்னது யாரு, கட்டுனது யாரு. எல்லாம்."

மானேஜர் வாயால் சொன்னதுதான், அதற்குச் சாட்சி இல்லை. முடிச்சுப் போட்ட கைக்கு ஆறு பேர் சாட்சி. இது ஆபீஸுக்குப் போனால் அடுத்த கடிதம் யார் பெயருக்கு வரும் என்பது லெட்சுமிக்குத் தெரியும். தோட்டத்தில் இருக்கும் அம்மா, திரும்பிப் போனால் மறுபடி பால்வாளி.

முதல் இரண்டு வரி ஓடிப்போனது. ரோலருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். இவ்வளவு சுலபமாக இருந்தது. மூன்றாவது வரியில், 'அந்தக் கம்பியைத் துணியால் கட்டி வைத்தது' என்று எழுதிப் பேனாவை நிறுத்தினாள்.

மேசை விசிறி இந்தப் பக்கம் திரும்பியது. தாள் ஒரு ஓரம் தூக்கிப் படபடத்தது. சலேஹா குனிந்து, கட்டுப் போட்ட கையை மெதுவாக இறக்கி, தாளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.