லூர்துசெல்வி எழுதிய ‘காலை’

விழுப்புரத்தில் திருச்சி சாலையில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் லூர்துசெல்வி வேலை பார்த்தாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்கும் மண்டியில் மூட்டையை எடை போட்டதும் விவசாயி கையில் பில் வந்துவிட வேண்டும். அதற்கான மென்பொருளைச் செய்வதுதான் அங்கே தொழில். திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போவாள். மண்டிக்காரர்கள் ஃபோன் செய்தால், “செல்வி மேடம் இருக்காங்களா?” என்றுதான் கேட்பார்கள். தப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடும்.

முப்பது வயதைத் தாண்டியபோது அவள் கண்ணில் குறை வந்தது. விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்லச் செயலிழந்து வருகிறது, இதற்கு மருந்து கிடையாது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். நேர் எதிரே இருப்பது தெளிவாகத் தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது. குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான். கணவன் இருதய அருணுக்கு விஷயம் தெரியும். அலுவலகத்தில் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எழுதும் வேலையில் சிரமம் இல்லை. வேலையைத் தொடங்குவதில்தான் சிரமம். கணினி உயிர் பெற்றதும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்: நிரல் எழுதும் எடிட்டர், கட்டளை தட்டும் கருப்புத் திரை, டேட்டாபேஸ், சர்வர், சோதித்துப் பார்க்க ஒரு பக்கம், நிஜ மண்டியின் பக்கம், பிழைச் செய்திகள் வந்து விழும் இன்னொரு ஜன்னல். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஓரிடத்தில் திறக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மற்றவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பதை அவள் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். எல்லாம் அதனதன் இடத்துக்கு வருவதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அலுவலகத்து யூபிஎஸ் பழசு. கரண்ட் அடிக்கடி போகும்.

பக்கத்து நாற்காலிக்காரன் சந்தோஷ் ஒருநாள் கேட்டேவிட்டான். “இன்னாக்கா, காணாம போனத தேடிக்கினே கீற மாதிரி இருக்கு?”

“மவுஸ் அம்பு எங்க போச்சுன்னு பாக்கறேன்டா,” என்று சமாளித்தாள்.

அந்த வாரமே ஒரு தப்பு நடந்தது. சோதனைப் பக்கம் என்று நினைத்து, நிஜ மண்டியின் பக்கத்தில் ஒரு பொய் பில்லைப் போட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மேலே எழுதியிருந்த பெயர் அவள் பார்வைக்கு வெளியே இருந்தது. உடனே ரத்து செய்தாள். ஆனாலும் மண்டிக்காரர் ஃபோனில் கத்தித் தீர்த்தார். குழுத் தலைவர் வேங்கடேசன் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். செல்வி மறைக்கவில்லை; டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

வேங்கடேசன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “இத ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“வேலைய மாத்திடுவீங்கன்னு பயம் சார்.”

“மாத்தத்தான் போறேன். மண்டிக்காரங்க ஃபோன மட்டும் பாத்துக்கோ. சம்பளத்துல கை வெக்க மாட்டேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அது அவளுக்கும் தெரியும். “இந்த வாரம் ஃபோன் பாக்கறேன் சார். ஆனா எனக்கு ஒரு வாரம் டைம் குடுங்க. அதுக்கப்புறமும் தடுமாறுனா நீங்க சொல்றபடியே கேக்கறேன்,” என்றாள்.

அன்று மாலை ரயில் மயிலத்தைத் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து ரசம் வைக்கும்போதும் மனது அதிலேயே இருந்தது. பார்க்காமலே கை நீட்டி உப்பை எடுத்தாள். அதேபோலப் புளி டப்பாவையும் எடுத்தாள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அருண் அந்தச் சமையலறையில் ஒரு பொருளையும் இடம் மாற்றியதில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இங்கே தேட வேண்டியதில்லை. கணினியில் மட்டும் ஏன் தேட வேண்டும்? எதை எங்கே வைப்பது என்று அதற்கு யாராவது சொன்னார்களா?

“ஏங்க, ரசத்த எறக்கிடுங்க. எனக்கு லேப்டாப் வேணும்,” என்றாள்.

ஒரே ஒரு வார்த்தையைத் தட்டினால் எல்லாம் தானாகத் திறந்து, என்றைக்கும் அதே இடத்தில் உட்கார வேண்டும். இதுதான் அவள் எழுத நினைத்த நிரல். அந்த வார்த்தைக்கு ‘காலை’ என்று பெயர் வைத்தாள். முதல் தடவை ஓட்டியபோது சர்வர் எழுந்திருப்பதற்கு முன்பே சோதனைப் பக்கம் திறந்து, வெறும் வெள்ளையாக நின்றது. சர்வரிடம் ‘இருக்கிறாயா?’ என்று கேட்டு, பதில் வந்தபிறகே பக்கத்தைத் திறக்கும்படி மாற்றினாள். அடுத்து எடிட்டர் போய்க் கருப்புத் திரையின் மேல் விழுந்தது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் இடத்தையும் அகலத்தையும் எண்ணாகவே எழுதிக் கொடுத்தாள். சோதனைப் பக்கத்துக்குப் பச்சைப் பின்னணி போட்டாள். நிஜ மண்டியின் பக்கம் தானாகத் திறக்கவே கூடாது. தனியாகக் கேட்டால் மட்டும் திறக்க வேண்டும், அதுவும் முழுச் சிவப்பில்.

இன்னொன்றும் செய்தாள். ஒவ்வொன்றும் தயாரானதும் கண்ணுக்குப் பதில் காதுக்குத் தெரிந்தால் நல்லது என்று தோன்றியது. அருணைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தாள். அவன் மோட்டார் மெக்கானிக். வெட்கப்பட்டுக்கொண்டே, “டேட்டாபேஸ் வந்துருச்சும்மா,” “சர்வர் ஓடுது, நீ ஆரம்பி,” என்று பேசிக் கொடுத்தான்.

அலுவலகக் கணினியில் அதை ஏற்றிய அன்று ஹெட்ஃபோனைச் செருக மறந்துவிட்டாள். “சர்வர் ஓடுது, நீ ஆரம்பி,” என்று அருணின் குரல் அறை முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெடுநாள் கழித்து அந்த அறையில் அவள் சத்தமாகச் சிரித்தாள். பிறகு, தன் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் அவளே சொன்னாள்.

கேட்டிருந்த ஒரு வாரம் முடிவதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. மல்லாட்டை வரத்து உச்சத்தில் இருந்த நேரம். மதியம் இடி இடித்தது, கரண்ட் போனது, யூபிஎஸ் கத்தி ஓய்ந்தது. எல்லாத் திரைகளும் இருண்டன. கரண்ட் திரும்பி வந்த கையோடு ஃபோனும் வந்தது. மயிலம் பக்கத்து மண்டியில் பில் போடும் சூர்யகலா பதறிப் பேசினாள். “மேடம், பில்லே வர மாட்டேங்குது. எடை போட்ட மூட்டையெல்லாம் வெளியில கெடக்கு. மழை வேற வந்துக்கினு கீது. ஒரே பேஜாரா இருக்கு, ஜல்தியா பாருங்க மேடம்!”

சந்தோஷ் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினான். செல்வி ஒரு வார்த்தை தட்டினாள். இடப்பக்கம் எடிட்டர், கீழே கருப்புத் திரை, வலப்பக்கம் பச்சைப் பக்கம். எல்லாம் வரிசையாக வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. அவள் பின்னால் வந்து நின்ற வேங்கடேசன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையைத் திருப்பவே இல்லை. எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே மட்டும் பார்த்தாள். மண்டியிலும் கரண்ட் போன நொடியில் பாதி எழுதப்பட்ட ஒரு பில், அடுத்த பில்களையெல்லாம் மறித்துக்கொண்டு நிற்பதைக் கண்டுபிடித்தாள். பச்சையில் சரிசெய்து பார்த்தாள், பிறகு சிவப்பைக் கேட்டு வாங்கி அங்கேயும் சரிசெய்தாள். அதற்குள் சந்தோஷின் சர்வர்கூட எழுந்திருக்கவில்லை.

“இப்ப அடிச்சுப் பாரு சூர்யகலா.”

ஃபோனுக்குள் பிரிண்டர் இரைவது கேட்டது. “வருது மேடம், வருது!”

வேங்கடேசன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “உன்ன ஃபோனுக்கு மாத்தறேன்னு சொன்னேன் பாரு, அத மறந்துடும்மா. நான் இருபது வருஷமா தினம் இதயெல்லாம் ஒவ்வொண்ணா தெறந்துக்கினு கீறேன். இப்படிச் செய்யலாம்னு எனக்குத் தோணவே இல்ல. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுப்பியா?”

“உங்களுக்கு எது எங்க வேணும்னு சொல்லுங்க சார், போட்டுடலாம்.”

ஒரே மாதத்தில் அங்கே எல்லோருடைய கணினியிலும் ‘காலை’ ஓடியது. ஆளாளுக்கு வசதி வேறாக இருந்ததால், அவரவர் விருப்பத்தை எழுதிக்கொள்ள அதில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

அடுத்த பரிசோதனையில், பார்வை இன்னும் கொஞ்சம் சுருங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். அவள் எழுத்தைப் பெரிதாக்கினாள், ஜன்னல்களின் எண்ணிக்கையைக் குறைத்தாள். திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றையும் நிறுவி, தினமும் மதியம் திரையை அணைத்துவிட்டுப் பழகத் தொடங்கினாள். சாப்பிட்டுவிட்டு வந்த சந்தோஷ், இருண்ட திரைக்கு முன்னால் அவள் விரல்கள் வேகமாக ஓடுவதைப் பார்த்தான்.

“அக்கா, மானிட்டர் ஆஃப்ல கீது.”

“தெரியும்டா,” என்றாள் லூர்துசெல்வி, ஒரு பக்கத்து ஹெட்ஃபோனை மட்டும் கழற்றி. “நேத்து நீ எழுதுனதுல நாப்பதாவது வரியில ஒரு தப்பு இருக்கு. உக்காரு, காட்டறேன்.”