மாமாவின் சுண்டுவிரல்

எங்க மாமாவுக்கு, அதாவது என் அக்கா புருஷனுக்கு, ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. தெரியாதது தப்பில்ல. எனக்கும்தான் கம்ப்யூட்டர் தெரியாது, அதனால நான் அதைத் தொடறதில்ல. ஆனா இந்த மனுஷன் போன வருஷம் ஒரு பெரிய பெட்டி வாங்கிட்டு வந்தார். உள்ள டிரில்லிங் மெஷின், கரண்டு ரம்பம், அது இதுன்னு எல்லாம் வரிசையா படுத்திருந்துச்சு. அன்னிக்குப் பிடிச்சது அந்த வீட்டுக்குச் சனி.

ரம்பத்தை ஓட்டின முதல் நாள் அவர் அறுத்தது அந்த ரம்பத்தோட ஒயரை. பொசுக்குன்னு வீடே இருட்டாயிடுச்சாம். அடுத்த தடவை ஒரு பலகையைச் சாப்பாட்டு மேஜை மேல வச்சு அறுத்தார். பலகை ரெண்டாச்சு. மேஜையும் பாதி தூரம் ரெண்டாச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவர் மேஜை மட்டம் சரியில்லன்னார்.

இதெல்லாம் அக்கா போன்ல சொன்னதுதான். மாமா குளிக்கப் போற நேரம் பார்த்துத்தான் எனக்குப் போன் பண்ணுவா. வீட்டுக்கு வாடான்னு மட்டும் சொல்ல மாட்டா. நான் பிளம்பர், பதினாறு வருஷமா. ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்னிக்கு வேலையிலிருந்து நேரா அழுக்குச் சட்டையோட போய் நின்னேன். மாமா வாசல்லயே மறிச்சு, "நீ இன்னொரு நாள் வாயேன்"னார். அந்த இன்னொரு நாள் அப்புறம் வரவே இல்ல. எனக்குன்னு மிச்சம் இருக்கற ஒரே உறவு அக்கா. அவ வீட்டுக்குள்ள அவ தம்பியாப் போய் ஒரு நாள் உக்காரணும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

போன ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்துச்சு.

"டேய், எங்கடா இருக்க? உடனே வாடா. மாமா பைப்பை ஓட்டை போட்டுட்டார். அவர் ஆபீஸ் மேனேஜரும் மேனேஜர் வீட்டம்மாவும் வந்து உக்காந்திருக்காங்கடா."

கூப்பிட்டுட்டா! மூணு 'டா', ஒரு 'டேய்'. பாதி வேலையை அப்படியே போட்டுட்டு வண்டியை எடுத்தேன்.

ஹாலுக்குள்ள நுழைஞ்சா, கண்கொள்ளாக் காட்சி. மூலையில கை கழுவற தொட்டி இருக்கு. அதுல குழாய் இருக்கு. அந்தக் குழாய்க்கு நேர் மேல, நூல் பிடிச்ச மாதிரி நேர் மேல, மாமா சுவத்துல ஓட்டை போட்டிருக்கார். குழாய்க்குத் தண்ணி ஆகாசத்திலிருந்தா வருது? சுவத்துக்குள்ள மேலருந்து இறங்கற பைப்பில வருதுன்னு மூணாவது படிக்கற பிள்ளைக்குத் தெரியும். ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்ட, மெஷின்ல ஆறு எம்எம் டிரில் பிட்டு போதும். இவர் பெட்டியில இருந்ததுலயே தடியா ஒண்ணை எடுத்துப் போட்டிருக்கார். ஆறு மாடிக் கட்டடம், இவங்க வீடு முதல் மாடி. மொட்டைமாடித் தொட்டித் தண்ணியோட அழுத்தம் பூரா அந்த ஓட்டையில வந்து முட்டுது. மாமா அதுல சுண்டுவிரலைச் சொருகிட்டு, ஸ்டூல் மேல, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில நின்னுட்டிருந்தார்.

மாட்ட இருந்த சட்டம் கீழ சாஞ்சிருந்துச்சு. உள்ள, ஆபீஸ்ல அவருக்குக் குடுத்த சிறந்த ஊழியர் பத்திரம்.

மேனேஜர் சோபாவில டீயோட உக்காந்திருந்தார். மாமா அவருக்கு இடது கையைத்தான் குடுத்தாராம், வலது கை சுவத்துல இருந்ததால.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"ன்னேன்.

"முக்கால் மணி நேரம்."

"மெயின் வால்வை மூடினீங்களா?"

"எது?"

எதுவாம்! இந்த மாதிரி அடுக்குமாடியில வழக்கமா இருக்கற இடத்துலதான், பாத்ரூம் கதவுக்குப் பின்னால, செவப்புக் கைப்பிடியோட, ரெண்டு வருஷமா பல்லை இளிச்சிட்டு இருக்கு. அதை ஒரு திருகு திருகியிருந்தா தண்ணி நின்னிருக்கும். படிச்ச மனுஷன், முப்பது பேரை மேய்க்கறவர், முக்கால் மணி நேரம் சுவத்துக்கு மூக்குத்தி போட்ட மாதிரி நின்னிருக்கார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

"யாருங்க இவர்?"னு மேனேஜர் கேட்டார்.

"பிளம்பர் சார்"னார் மாமா.

சரி, அதுல பொய் இல்ல. பையை இறக்கி வச்சேன். மேனேஜர் டீயை ஒரு மடக்குக் குடிச்சிட்டு, "உங்க மச்சான் கன்ஸ்ட்ரக்‌ஷன்ல பெரிய ஆளுன்னு சொல்வீங்களே? துளை போடறதுக்கு முன்னாடி அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"ன்னார்.

மாமாவுக்கு ஒரே மச்சான்தான். அந்தப் பெரிய ஆள் அவர் காலடியில உக்காந்து ஸ்பேனர் எடுத்துட்டிருந்தான்.

"அவர் ஊர்ல இல்ல சார்"னார் மாமா. கண்ணைக்கூடச் சிமிட்டல.

எனக்குச் சுருக்குன்னுச்சு. வால்வை மூடறதா இருந்த நெனைப்பை விட்டுட்டேன். எழுந்து, வேலைக்காரக் குரல்லயே, "விரலை எடுங்க சார், பார்க்கணும்"னேன். மேனேஜர் முன்னாடி மாமா விவரம் தெரியாத ஆளாத் தெரியக் கூடாதே! எடுத்துட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, தண்ணி ஹாலைக் குறுக்கே தாண்டி நேரா மேனேஜர் மூஞ்சியில போய் அடிச்சுச்சு. டீ கப்பு உருண்டுச்சு. அவர் வீட்டம்மா காலைத் தூக்கி சோபா மேல வச்சுக்கிட்டு அலறினாங்க. மாமா விரலை மறுபடி சொருகப் பார்த்தார், ஓட்டை தவிர மத்த இடமெல்லாம் குத்தினார், கடைசியில ஸ்டூலோட சரிஞ்சார். நான் கையைக் கட்டிட்டு நின்னேன்.

அடுப்படியிலிருந்து அக்கா ஓடி வந்தா.

"டேய்! என்னடா வேடிக்கை பார்க்கற? தண்ணிய நிறுத்துடா, எருமை!"

அடடா! ஹால் நடுவுல, எல்லார் காதுலயும் விழற மாதிரி, தொண்டை கிழிய. சின்ன வயசுல என் காதைத் திருகினப்ப வந்த அதே குரல். எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். ஒரே ஓட்டமா ஓடி வால்வை மூடிட்டு, ஈரத்தோட வந்து அவ பக்கத்துல நின்னேன்.

மேனேஜர் கண்ணாடியைத் துடைச்சிட்டிருந்தார். அவர் வீட்டம்மா என்னைப் பார்த்தாங்க, அக்காவைப் பார்த்தாங்க.

"உங்களுக்கு ரொம்ப வேண்டியவரா? உரிமையாத் திட்டறீங்களே?"

சொல்லு அக்கா. என் தம்பின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு, இந்த ஹாலைத் தரையோட துடைச்சுக் குடுத்துட்டுப் போறேன். மனசுக்குள்ள அவ்வளவு கெஞ்சினேன்.

அக்கா தரையில உக்காந்திருந்த மாமாவைப் பார்த்தா. அவர் தலையை லேசா ஆட்டினார், வேணாம்னு.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க. அவசரத்துல வாடா போடான்னுட்டேன், தப்பா நெனைக்காதீங்க."

"இதுல என்னங்க தப்பு? இவங்களையெல்லாம் அப்படி அதட்டினாத்தான் வேலை நடக்கும்"னாங்க அந்தம்மா.

அக்கா சிரிச்சா. அவங்க கூடச் சேர்ந்து, அதான் சரிங்கற மாதிரி சிரிச்சா.

மாமான்னா எனக்கு எப்பவுமே இளக்காரம்தான். அன்னிக்குத்தான் முதல் தடவையா அக்காவைப் பார்த்தும் அது வந்துச்சு. வந்தது எனக்கே பிடிக்கல, ஆனா வந்துடுச்சு, என்ன பண்றது?

சுவத்தைக் கொத்தி, கெட்ட பைப்பை அறுத்து எடுத்துட்டு, புதுத் துண்டு வச்சுப் பசை போட்டு ஒட்டினேன். அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. குறை சொல்ல முடியாத வேலை. அதுக்குள்ள மாமா வேற சட்டை மாத்திட்டு வந்து, இந்தக் கட்டடத்துல பைப்பைத் தப்பான இடத்துல பதிச்சுட்டாங்க சார்னு மேனேஜருக்கு விளக்கிட்டிருந்தார். அந்த வாய்க்கு ஒரு வால்வு கிடையாது.

பையை எடுத்துட்டு வெளியில வந்தேன். அக்கா பின்னாடியே வந்தா. கதவைப் பாதி சாத்திக்கிட்டு, உள்ள கேக்காத குரல்ல, "டேய், கோச்சுக்காதடா. அவங்க போனதும் வந்து சாப்பிட்டுப் போடா"ன்னா.

நான் செருப்பை மாட்டிட்டு நிமிர்ந்தேன்.

"ஒரு மணி நேரம் குழாயைத் திறக்காதீங்க மேடம்"னேன், உள்ள இருக்கறவங்களுக்கும் கேக்கற மாதிரி.