மறுகலப்பு

1.

இந்தக் கதை ஒரு வெறும் தொட்டியிலிருந்து வந்தது. புத்தூரில் வளர்ப்பு மீன் வாங்கப் போயிருந்தேன். நாலு சீமெந்துத் தொட்டிகளில் ஒன்றில் மட்டும் தண்ணீர் இல்லை. ஏன் என்று கேட்டேன். மீன் வளர்த்து விற்கும் பஞ்சலிங்கம் வலையை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். அவருடைய மனைவி கேதீஸ்வரிதான் தாழ்ந்த குரலில் சொன்னா. அவர் மனதுக்குள் நடந்ததை நானாகக் கற்பனையில் போட்டுக்கொண்டேன்.

முதல் வரி: ‘பஞ்சலிங்கம் மீன்களை உயிருக்கு உயிராக...’

(வேண்டாம். அவர் கெட்டிக்காரர், அவ்வளவுதான்.)

2.

குட்டி போடும் மீன்கள் அவருடைய தொழில். கறுத்த புள்ளி போட்ட பிளாட்டி மீனை, வால் வாள்போல நீண்ட சிவத்த வாள்வால் மீனோடு சேர்த்தார். குட்டிகள் தாயையும் தகப்பனையும் விடத் திடமாக வளர்ந்தன. உடம்பில் வெல்வெட்டுப் போலக் கறுப்பு. கறுப்பு இன்னும் வேண்டுமென்று அந்தக் குட்டிகளைத் திரும்பவும் வாள்வாலோடேயே சேர்த்தார். இந்த முறை சிலதுகளில் கறுப்பு நிற்கவில்லை. கட்டியாக எழும்பி, செட்டையைத் தின்று, மீனைச் சரித்தது.

(பிளாட்டியிடம் கறுப்பும் உண்டு, அதை அடக்கி வைக்கும் மரபணுவும் உண்டு. வாள்வாலிடம் அந்த அடக்கம் இல்லை. முதற்கலப்பில் பாதி அடக்கமாவது மிஞ்சும். திரும்பவும் வாள்வால் பக்கத்துக்கே திருப்பினால் சில குட்டிகளுக்குக் கறுப்பு மட்டும் போய்ச் சேரும். இதைக் கேதீஸ்வரிக்கு விளங்கப்படுத்தியதே பஞ்சலிங்கம்தான்.)

3.

மகள் நிவேதனா வேறு சாதியைச் சேர்ந்த குருநகர் டினேஸைத் தகப்பனை மீறிப் பதிவுத் திருமணம் செய்து, வயிற்றுப் பிள்ளையோடு அவனையும் கூட்டிக்கொண்டு முதன்முதலாக வீட்டுக்கு வந்தாள்.

“அப்பா, உள்ளை வரலாமோ?”

அவர் தொட்டியடிக்குக் கூட்டிப்போனார். கட்டி வந்த மீனொன்றை வலையால் அள்ளி அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

“வடிவாப் பார். கலந்தால் இப்பிடித்தான்.”

“ஐயா, மீனையோ சொல்லுறியள், எங்கடை பிள்ளையையோ?” என்றான் டினேஸ்.

“ரெண்டும் ஒண்டுதான்.”

“இஞ்சருங்கோ, முதல் கலந்ததுகளுக்கு ஒண்டும்...” என்று தொடங்கினா கேதீஸ்வரி.

“நீ பேசாமல் இரு.”

கேதீஸ்வரி கையை மட்டும் நீட்டிக் காட்டினா. முதற்கலப்பு மீன்கள் பக்கத்துத் தொட்டியில் ஒரு நோயுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

4.

பிள்ளை இறந்தே பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, வேறொன்றுமில்லை என்றார் டொக்டர். நிவேதனா டொக்டரை நம்பவில்லை. தகப்பனை நம்பினாள்.

பஞ்சலிங்கம் மகளைப் பார்க்கக் குருநகருக்குப் போனார்.

“கொடி சுத்தினதுதான் காரணம், பிள்ளை. மீனுக்கு அந்தக் கட்டி கலந்ததாலை வரேல்லை. நான்தான் திரும்பவும் ஒரே பக்கத்தோடை சேர்த்தனான்.”

“அது உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?”

“ஓம்.”

“அப்ப ஏனப்பா சொன்னனீங்கள்?”

அவர் வீட்டுக்கு வந்து நோய்த் தொட்டியை இறைத்தார்.

5.

அவள் மன்னித்ததாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அவர் செத்துப்போவதாக இன்னொன்று. அது அவருக்குச் சுகமான முடிவு.

நடந்தது இவ்வளவுதான்: நிவேதனா இப்போது மறுபடி பிள்ளைத்தாய்ச்சி. “அப்பாட்டை மட்டும் சொல்லாதேங்கோ அம்மா” என்று தாயிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டுக் கேதீஸ்வரி உள்ளே போன பிறகு, மீன் பையை என் கையில் தந்துகொண்டே பஞ்சலிங்கம் கேட்டார்:

“மனுசி உங்களோடை கனநேரம் கதைச்சவ. என்ரை பிள்ளை எப்பிடி இருக்கிறாளாம்?”

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் என்ன சொல்ல? நீங்கள் சொல்லுங்கோ.