தறிக்கு மேலே ஒரு தொலைநோக்கி

தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் கௌதமன் சோமனூரில் பஸ் ஏறினான். அட்டைப்பெட்டி மடியில் இருந்தது. நட்சத்திர வரைபடப் புத்தகம் அதன் மேல். காந்திபுரம் வரும்வரை அவனுக்கு ஒரு தரம்கூடச் சந்தேகம் வரவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன், எட்டு விசைத்தறி ஓட்டுகிறவன். ஒரு சாமான் சரியில்லை என்றால் அவனுக்குத் தெரியாதா?

மனைவி அன்புச்செல்வி இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கல்யாணமான இரண்டாம் வருடம் மஞ்சள் காமாலை. அதன்பின் அவன் தறி ஓட்டினான், சாப்பிட்டான், தூங்கினான். எதற்கும் ஆசைப்படவில்லை. தொண்ணூற்றொன்பது பொங்கலுக்கு முன்பு பேப்பரில் வளையத்தோடு சனியின் படம் வந்தது. சின்னத் தொலைநோக்கியிலேயே தெரியும் என்று போட்டிருந்தார்கள். அதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. இதுவும் கைகூடவில்லை என்றால் இனி எதன் பின்னாலும் போகப் போவதில்லை. அது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அம்மா மாசாணியம்மாளுக்கும் தெரிந்திருந்தது. அதனால் திட்டும்போதுகூட அளந்துதான் திட்டினாள்.

“சனி தேடி வந்துருவான்னு அவனவன் ஓடி ஒளியறான். நீ குழாய் வாங்கி வெச்சுத் தேடறயே கண்ணு!”

அவன் அதை வாங்கிய சிக்கந்தரின் கேமராக் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. கௌதமன் பெட்டியை மேசைமேல் வைத்தான்.

“பாய், இது ஆடுதுங்க. நட்சத்திரம் ஒரு இடத்துல நிக்க மாட்டீங்குது. குதியாட்டம் போடுது. உள்ள ஏதோ கண்ணாடி லூசு.”

“நம்ம கடைச் சரக்கு ஆடாதுங்களே சார். உங்க கை ஆடியிருக்கும்.”

“தறிக்காரன் கைங்க. ஆடாது.”

சிக்கந்தரின் தங்கை ஃபஹீமா பெட்டியைப் பிரித்தாள். கடையில் வரும் கருவிகளின் விளக்கப் புத்தகங்களை முழுசாகப் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். தொலைநோக்கியை ஸ்டாண்டில் மாட்டி, ஜன்னல் வழியே எதிர் லாட்ஜுக்குத் திருப்பினாள். கௌதமன் குனிந்து பார்த்தான். மொட்டை மாடியில் காயப்போட்ட லுங்கியின் கட்டம்கூடத் தெரிந்தது. ஆட்டமே இல்லை.

“சரி, அது போகட்டும்,” என்றார் சிக்கந்தர், இன்னொரு பெரிய தொலைநோக்கியைக் காட்டி. “இதைத் தூக்கிட்டுப் போங்க. நாலு அங்குலம். இரும்பு ஸ்டாண்டு. யானை வந்து முட்டினாலும் அசையாது.”

கௌதமனுக்கு அந்த இரும்பு பிடித்துப்போனது. சரி என்று சொல்ல வாயெடுத்தான்.

“ஏனுங்க, எங்க வெச்சுப் பாத்தீங்க?” என்றாள் ஃபஹீமா.

“எங்க ஊட்டு மொட்டை மாடிலீங்க.”

“மாடிக்குக் கீழ?”

“தறிக் கொட்டகை.”

“அந்நேரம் தறி ஓடுச்சுங்களா?”

“பின்ன? நிறுத்துவாங்களா?”

ஃபஹீமா உள்ளங்கையால் மேசையைத் தட்டினாள். “இப்ப பாருங்க.” பார்த்தான். லுங்கி பேயாட்டம் ஆடியது.

“எங்க ஊடு ஆடாதுங்க,” என்றான் கௌதமன்.

“நான் ஒருக்கா சோமனூருக்கு நிக்காஹ் விருந்துக்கு வந்தேனுங்க. டம்ளர்ல தண்ணி நடுங்கிட்டே இருந்துச்சு. என்னங்க இப்படி நடுங்குதுன்னு கேட்டா, எங்க நடுங்குதுன்னு என்னையத் திருப்பிக் கேட்டாங்க!”

சிக்கந்தர் வாய்விட்டுச் சிரித்தார். கௌதமன் யோசித்தான். அந்த வீட்டில் பிறந்து இருபத்தெட்டு வருடம். கீழேயும் அக்கம்பக்கத்திலும் தறி. ஒரு நாள்கூட அந்த வீடு நடுங்கியதாக அவனுக்குத் தோன்றியதில்லை. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்ப இரும்பு ஸ்டாண்டு?” என்றார் சிக்கந்தர்.

“அதுவும் மாடியோட சேந்துதான் ஆடும் பாய். பெருசு வேண்டாங்க. ஊரைத் தாண்டிக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போகோணும். எனக்கு இதே சரி.”

பெட்டியின் மேல் ஐந்நூற்று இருபத்தைந்து மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஃபஹீமா கண்வைத்துப் பார்க்கும் வில்லைகளில் ஒன்றை மட்டும் எடுத்து நீட்டினாள். “முப்பத்தஞ்சு மடங்கு. மடங்கு கூடக்கூட ஆட்டமும் கூடுமுங்க. முதல்ல இதுல பழகுங்க. மத்ததெல்லாம் பொட்டியிலயே கெடக்கட்டும்.”

வரைபடப் புத்தகத்தைத்தான் அவன் மாற்றினான். “இதுல சனியே இல்லீங்க.”

“எந்தப் புத்தகத்துலயும் இருக்காதுங்க. கிரகம் இடம் மாறிட்டே இருக்கும். அதைப் போயி அச்சடிச்சு வெக்க முடியுங்களா? இந்த மாசம் இருட்டினதும் தலைக்கு மேல, கொஞ்சம் மேக்கால நிக்கும். சிமிட்டாது. ஆனா இதை மாத்துறது நல்லதுதான். இது லண்டன்ல தெரியற வானம்.”

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. மாடியில் நின்று பார்க்கும்போது தெற்கே தாழ்வாக ஒரு பெரிய நட்சத்திரம் தெரிந்தது. படத்தில் அது இல்லை. அச்சுப் பிழை என்று நினைத்திருந்தான். அலமாரியில் இருந்த இரண்டு புத்தகங்களை எடுத்துப் புரட்டினான். ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள். மற்றது மெலிசு, வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள் மட்டும். மெலிசுப் புத்தகம் தென் துருவம் வரை போனது. அந்த நட்சத்திரம் அதில் இருந்தது. அகத்தியர்.

“இதுதான்,” என்றான். யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் டி.வி.எஸ்ஸில் பெட்டியைக் கட்டினான். நானும் வாரேன் என்று மாசாணியம்மாள் பின்னால் ஏறிக்கொண்டாள். ஊரைத் தாண்டி, சோளம் அறுத்த காட்டில் ஸ்டாண்டை ஊன்றினான். தறிச் சத்தம் தூரத்தில் இரைச்சலாகக் கேட்டது. அமாவாசை கழிந்த நேரம், நல்ல இருட்டு. மேற்கே குரு. அதற்கும் மேலே, சிமிட்டாமல் ஒன்று.

மண்டியிட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. குழாயை நகர்த்தினான். மறுபடி ஒன்றும் இல்லை. அம்மா மூச்சுவிடுவது கேட்டது. இன்னும் ஒரு நூல் அளவு நகர்த்தினான்.

நடுவில் வந்து நின்றது. சின்னது, துவரம்பருப்பு அளவுகூட இல்லை. சுற்றிலும் வளையம். ஆட்டமே இல்லை.

“அம்மா, வந்து பாருங்க.”

“சனியை நேருக்கு நேரா நின்னு பாக்கப்படாது சாமி. கோயில்லயே நான் ஓரமாத்தான் நிப்பேன்.”

“உள்ள கண்ணாடி வெச்சு மடக்கித்தான் அனுப்புதுங்க. நேரா இல்லை.”

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. குனிந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அடேயப்பா, வளையம்! அட, ஓடறான் பாரு, ஓடிப்போட்டான்!”

“அவன் ஓடலீங்கம்மா. நாமதான் சுத்தறோம்.”

அவன் தேடிப் பிடித்தான். மறுபடி நழுவியது. இந்தத் தடவை தேடவே வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போய் நிறுத்தியது.

“நாளைக்கு ஒரு சாக்கு எடுத்துட்டு வரோணுங்கம்மா,” என்றான், கண்ணை எடுக்காமல். “சோளத்தட்டு முட்டியில குத்துது.”