மேனேஜருக்குக் கொஞ்சம் வெயில்

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்தது அல்ல. மூக்குக்கண்ணாடி வாங்கப் போன கடையில் காதில் விழுந்ததை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற பெண்ணை வாடிக்கையாளர்கள் எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஃபோனில் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், மேனேஜர் நேத்துலேர்ந்து பகல்லயே கண்ணை மூடிக்கிட்டு இருக்காரு. கிளையைப் பிடிச்சிருக்கிற கை நடுங்குது."

கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மேனேஜரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. என் கண்ணாடி தயாராக அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். (ஒட்டுக்கேட்பது தப்புதான். அந்தத் தப்பைச் செய்யாத எழுத்தாளர் யாராவது இருந்தால் அவருக்குக் கதை எங்கிருந்து கிடைக்கிறது என்று எனக்கும் சொல்லட்டும்.)

மேனேஜர் ஒரு பச்சோந்தி. இந்த வார்த்தையைப் படித்ததும் நீங்கள் கட்சி மாறிய யாரையோ நினைத்திருப்பீர்கள். வேண்டாம். இது நாலு காலும் சுருட்டிய வாலும் உள்ள நிஜப் பச்சோந்தி. ஒரு அடி எடுத்துவைக்க மூன்று முறை யோசிப்பதாலும், ஒரு கண் எதிரில் நிற்பவர் மீதும் மறு கண் வேறெங்கோவும் இருப்பதாலும் அந்தப் பெயர்.

2

தொடக்கம் அமையாமல் ஒரு வாரம் தவித்தேன். அடித்துப்போட்டவை இவை:

"தம்பி கப்பலேறிய அன்று மழை கொட்டிக்கொண்டி

(அக்காவிடம் விசாரித்தேன். மழையே இல்லையாம். மண்டையைப் பிளக்கிற வெயிலாம்.)

"தனிமை என்பது ஒரு கூண்டு. அதற்குள்

(இதை எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன்.)

சரி, அக்கா அப்புறம் என்னிடம் சொன்னதை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடியக்காவுக்கு ஒரே தம்பி. சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. கல்யாணம் முறிந்த பிறகு அவன் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. ஒரு பச்சோந்தியை வாங்கி அதனோடுதான் பேசிக்கொண்டிருந்தான். ஆறு மாதப் பயணம் வந்ததும் வலைக்கூண்டு, இரண்டு விளக்கு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் எல்லாவற்றையும் அக்கா வீட்டில் இறக்கினான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளையும் ஒட்டினான். பகலில் பன்னிரண்டு மணி நேரம் விளக்கு, ராத்திரி முழு இருட்டு. ஒரு விளக்கு சூட்டுக்கு. நீளமான ட்யூப் வெயிலுக்கு. காலையும் மாலையும் இலைகள் சொட்டச் சொட்டத் தண்ணீர். மீட்டர் நாற்பதுக்குக் கீழே இறங்கவே கூடாது.

"கிண்ணத்துல தண்ணி வச்சா குடிக்க மாட்டாருக்கா. இலையில நிக்கிற சொட்டைத்தான் நக்குவாரு."

"பெரிய இடத்துப் பிள்ளை" என்றார் அக்கா.

துறைமுகத்துக்குத் துறைமுகம் தம்பி ஃபோன் செய்தான். எடுத்ததும் "மேனேஜர் எப்படி இருக்காரு?" அவ்வளவுதான். நீ எப்படியிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கிடையாது. அக்காவுக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் தெளித்தார். வெட்டுக்கிளி என்றால் மூன்று வீடு தள்ளி ஓடுகிறவர், மேனேஜரின் சாப்பாட்டுக்காக டப்பாவில் அவற்றை வளர்த்தார்.

3

இப்போது தப்பு நடந்த இடம்.

இரண்டாம் மாதம் ஒரு நாள் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது மேனேஜர் கூண்டின் வலைக்கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார், சூட்டு விளக்குக்கு நேர் கீழே. முதுகில் மிளகளவுக்கு ஒரு கருகல். அக்கா அவரைப் பிரித்தெடுத்துக் கீழே ஒரு கிளையில் விட்டார். கடைக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு கண்ணாடித் தகட்டை அளவாக வெட்டி, ஓரங்களை மழுங்கத் தேய்த்து எடுத்துவந்தார். கூரைக்கும் விளக்குகளுக்கும் நடுவே பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டார். புழுக்கத்துக்கு மின்விசிறி போட்டால் மீட்டர் முப்பதுக்கு இறங்கியது. தம்பியோ படம் எடுத்து அனுப்பச் சொல்வான். அக்கா மீட்டரைக் கழற்றி ஈரம் சொட்டும் தொட்டிச் செடியின் மேல் தொங்கவிட்டார். அப்புறம் அது அறுபது காட்டாமல் என்ன செய்யும்?

(இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் நல்லவராக்கலாமா என்று யோசித்தேன். "எழுதுங்க சார். செஞ்சது செஞ்சதுதானே" என்றார். அப்படியே விட்டுவிட்டேன்.)

நாலு மாதம் ஆனபோது மேனேஜரின் நாக்கு குறி தவறியது. எதிரே நின்ற வெட்டுக்கிளியைப் பிடிக்க முடியவில்லை. பிறகு கண் மூடியது. பிறகு கை நடுங்கியது. தம்பி கேட்டால் "ஜம்முனு இருக்காரு" என்றார் அக்கா. மூன்று வாரம் இப்படி.

4

டாக்டர் இளவயதுப் பெண். மேனேஜரின் தாடையை ஒரு விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

"எலும்பு மெத்துனு ஆகிட்டு வருது. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் படலைன்னா என்ன சாப்பிட்டாலும் எலும்புல ஒட்டாது. ட்யூப் எரியுதா?"

"ஜெகஜ்ஜோதியா எரியுது டாக்டர்."

"ட்யூபுக்கும் இவருக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெறும் கண்ணா..."

வார்த்தை பாதியில் நின்றுவிட்டது. பதினெட்டு வருடமாக அதே கடையில் வேலை. வெறும் கண்ணாடியே அந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுசாக நிறுத்திவிடும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! அந்தக் கையாலேயே வெட்டி, தேய்த்து, மாட்டியிருக்கிறார்.

(என் முதல் வரைவில் அவர் கடையிலிருக்கும் கதிர் சோதிக்கும் கருவியில் தகட்டை வைத்துப் பார்த்துத் திடுக்கிடுவதாக எழுதியிருந்தேன். அக்கா பேனாவை வாங்கி அடித்துவிட்டார். "அது அளக்கிற கதிர் வேற சார். தெரிஞ்சவங்க படிச்சா சிரிப்பாங்க.")

"பிழைச்சுடுவாரா?"

"சீக்கிரமா வந்துட்டீங்க. கண்ணாடியை எடுங்க. சூட்டு விளக்கை ஒரு சாண் உயர்த்துங்க, முதுகு சுடாது. ட்யூபைப் புதுசா மாத்துங்க. மீட்டரைக் கூண்டுக்கு நடுவுல, ஈரம் படாத இடத்துல மாட்டுங்க. காலையில விளக்கு போடுறதுக்கு முன்னாடி நல்லா தெளிங்க, சாயங்காலம் மறுபடி. நடுவுல காயட்டும். எப்பவும் நசநசன்னு இருந்தா நெஞ்சுல சளி கட்டிக்கும். தினமும் கால் மணி நேரம் இளவெயில் காட்டுங்க. ஜன்னலைத் திறந்துவச்சு."

5

தம்பியை நான் முதலில் நம்பவில்லை. கரடுமுரடான ஆளாக, விஷயம் கேட்டதும் கத்துகிறவனாக எழுதிவைத்திருந்தேன். கத்தினால் காட்சி சூடாகும் என்பது என் கணக்கு. நடந்தது வேறு.

அன்று மதியம் அவன் ஃபோன் செய்தபோது அக்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கண்ணாடி, மீட்டர், மூன்று வாரப் பொய், எல்லாம். மறுமுனையில் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"டேய். இருக்கியா?"

"இருக்கேன்க்கா. அந்த ட்யூபை ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும். டப்பாவுலயே போட்டிருக்கும். நான் ஒரு வருஷமா மாத்தல. வெளிச்சம் வருதேன்னு விட்டுட்டேன், கதிர் குறைஞ்சிருக்கும்னு யோசிக்கல. உன்கிட்ட கொண்டு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தரம் அவருக்குக் குறி தவறிச்சு. சொன்னா நீ வாங்கிக்க மாட்டியோன்னு..."

"அடப்பாவி!"

அக்கா பின்னறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். வந்தது சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அக்கா, நீ எப்படிக்கா இருக்க?" என்றான் தம்பி.

(இதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கதைக்காரனுக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.)

6

என் இரண்டாம் வரைவில் மேனேஜர் இறந்துபோனார். அக்கா அதைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஏன் சார் கொன்னீங்க?"

"அது... இலக்கியத்துல முடிவு கொஞ்சம் கனமா..."

"உங்க இலக்கியத்துக்கு எங்க வீட்டு உயிர்தானா கிடைச்சுது?"

அந்த இடத்திலேயே அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். என் நெஞ்சிலிருந்தும் பாரம் இறங்கிற்று. ஏனென்றால் நிஜத்தில் கண்ணாடியை எடுத்த பதினாறாம் நாள் காலை, அக்கா தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்வதற்குள் மேனேஜர் நடுக்கமில்லாமல் இரண்டு கிளை ஏறி, ஓர் இலையில் நின்ற சொட்டுகளை ஒவ்வொன்றாக நக்கினார். அப்புறம் நாக்கு சவுக்கு மாதிரி நீண்டது. வெட்டுக்கிளியைக் காணோம். அக்கா கை தட்டிய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாராம்.

7

போன வாரம் திருத்திய பிரதியைக் காட்ட அக்கா வீட்டுக்குப் போனேன். அதற்கு முந்தின நாள்தான் தம்பி வந்திறங்கியிருந்தான். பையைக்கூடப் பிரிக்காமல் கூண்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். மேனேஜர் ஒரு கண்ணால் தம்பியையும் மறு கண்ணால் அக்காவையும் பார்த்தார். (அலங்காரத்துக்கு எழுதவில்லை. அவர் கண்கள் அப்படித்தான்.)

"அடுத்த கப்பல் எப்போடா?"

"இன்னும் கையெழுத்துப் போடலக்கா."

அக்கா முந்தானையால் மீட்டரைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அப்போ இவரைக் கூட்டிட்டுப் போறியா?"

தம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தான். நான் எழுந்துவிட்டேன். என் கண்ணாடியும் எப்போதோ கைக்கு வந்துவிட்டது, கதையும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதற்கு மேல் அங்கே எனக்கு என்ன வேலை?

கூண்டு தம்பியோடு போயிருக்கலாம். அக்காவிடமே தங்கியிருக்கலாம். கூண்டோடு சேர்ந்து தம்பியும் அங்கேயே தங்கியிருக்கலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்பதால் எதையும் கிழிக்க மனம் வரவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது உள்ளேயிருந்து அக்கா வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. தம்பி என்ன சொன்னானோ! நான் திரும்பிப் போய்க் கேட்கவில்லை. கதவை ஒருக்களித்துத்தான் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.