நரி விட்ட கொட்டாவி

சகலை எடுத்த படத்துக்குச் சட்டம் போடும்போது பிரேம் கடைக்காரர் கட்டைவிரலை அறுத்துக்கொண்டார். இத்தனை வருடத் தொழிலில் இதுதான் முதல் தடவை.

பெரிய காயமில்லை. அட்டை வெட்டும் கத்தி கொஞ்சம் வழுக்கிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் வெள்ளை அட்டையின் ஓரத்தில் விழுந்தது. சற்றுத் தள்ளி அந்த நரியின் மேலேயே விழுந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது அவருக்கு. தோன்றியதும் வெட்கமாக இருந்தது. வெட்கம் போன பிறகும் ஆசை மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது.

படம் அப்படிப்பட்டது. விடியற்காலை ஏரி. கரையோரம் கட்டிப் போட்ட பழைய படகு. அதன் மூக்கில் நின்றுகொண்டு ஒரு நரி வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறது. பற்களை ஒன்று விடாமல் எண்ணிவிடலாம். எடுத்தவரும் பல் டாக்டர்தான். கடைக்காரரின் மனைவியுடைய தங்கையைக் கட்டியவர். கேமரா வாங்கிப் பதினோரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

கடைக்காரர் பதினெட்டு வருடமாகக் காடு மேடெல்லாம் அலைகிறவர். பறவைக் கூட்டின் பக்கம் போகமாட்டார். இரை வைக்கமாட்டார். மறைக்கிறதே என்று ஒரு கிளையைக்கூட ஒடிக்கமாட்டார். இயற்கைப் படக்காரர் சங்கத்தில் அவர் சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. பரிசுதான் ஒரு வருடமும் வந்ததில்லை. இந்த வருடம் முதல் பரிசு நரிக்குப் போயிற்று. "நரி முகத்துல முழிச்சவர்னா டாக்டர்தான்யா" என்று சங்கமே சிரித்தது. மாமனார் வீட்டுக் கூடத்தில் கடைக்காரரின் கொக்குப் படம் தொங்கிய ஆணியில் இனி நரி தொங்கப் போகிறதாம்.

"அப்போ என் கொக்கு?" என்று மனைவியைக் கேட்டார்.

"மாடிப்படி பக்கம். அங்கயும் வெளிச்சம் நல்லா இருக்குன்னு அப்பா சொன்னாருங்க."

"படியேறுற அவசரத்துல யாரு கொக்கைப் பாப்பா?"

"கூடத்துல மட்டும் யாரு பாத்தாங்க?"

பரிசு அறிவித்த மறுநாளே அவர் ஒரு காரியம் செய்திருந்தார். சங்கச் செயலாளர் அம்மாள் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சும் ரயில் அட்டவணை மாதிரிதான் இருக்கும். அவரிடம் டீ குடிக்கிற சாக்கில், "படம் பிரமாதம்மா. ஆனா நரி இவ்வளவு பக்கத்துல, இவ்வளவு நேரா நிக்குது பாருங்க. இப்பல்லாம் வளர்ப்பு நரியைக் கொண்டாந்து நிறுத்தி எடுக்கறாங்க. படகுல ஒரு கறித்துண்டைப் போட்டாலும் போதும். எனக்கென்னமோ ஒரு மாதிரியா இருக்கு. நான் சொன்னேன்னு வேணாம்" என்று சொல்லிவைத்தார்.

அம்மாள் உடனே கடிதம் அனுப்பினார். பரிசுப் படத்துக்கு முன்னால் எடுத்த ஐந்து படமும் பின்னால் எடுத்த ஐந்து படமும் எண் வரிசை விடாமல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் பரிசு ரத்து. சோடிக்கப்பட்ட படம் என்று அறிவிப்புப் பலகையிலும் எழுதப்படும். பல வருடத்துக்கு முன் அந்த விதியை எழுதிக் கொடுத்தவரே கடைக்காரர்தான்.

சனிக்கிழமை மதியம் டாக்டர் கடைக்கு வந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட இல்லை.

"அண்ணே, வசமா மாட்டிக்கிட்டேன். அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்து வெச்சுட்டு மிச்சத்தையெல்லாம் அழிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"சொத்தைப் பல்லுங்கண்ணே, எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். ஆடினது, கலங்கினது, என் செருப்பு... கார்டு நீங்க இரவலாக் குடுத்தது. திருப்பிக் குடுக்கும்போது அதெல்லாம் உங்க கண்ணுல பட்டா என் மானம் போயிடாதா?"

கடைக்காரர் மரச்சட்டத்தின் மூலையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "இரை கிரை ஏதாச்சும் வெச்சீங்களா டாக்டர்?"

"சத்தியமா இல்லண்ணே. பதினோரு நாள் விடியறதுக்கு முன்னாடி போய் உக்காந்தேன். கடைசி நாள்தான் வாயைத் திறந்துச்சு." டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பலகையில பேரை எழுதிட்டா கிளினிக்ல என்னண்ணே சொல்லுவேன்? பொய்ப் படம் எடுக்கறவன்கிட்ட எவன் வாயைத் திறந்து காட்டுவான்?"

அவர் போன பிறகு கடைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்தார். மெமரி கார்டு அங்கேதான் கிடந்தது. போன வாரம் டாக்டர் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அதை யாரும் தொடவில்லை. தவறுதலாக அழித்த கல்யாணப் படங்களை மீட்டுத் தரச் சொல்லி எத்தனையோ பேர் அவரிடம் வருவதுண்டு. அதற்கான மென்பொருள் கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது. டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது. சும்மா இருந்தால் போதும். ஆறு மணி தானாக வந்துவிடும்.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கறித்துண்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மனசு அரித்தது. கார்டைச் செருகினார்.

நானூற்றிச் சொச்சம் படங்கள் எழுந்து வந்தன. பனிமூட்டம். பனிமூட்டத்தில் படகு. டாக்டரின் செருப்பு. நரியின் முதுகு. நரியே இல்லாத கரை. தேதிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒன்றிரண்டல்ல, பதினோரு விடியல். மூன்றாம் நாள் மழை. ஏழாம் நாள் நரி தொலைவில் நின்று கேமராவைப் பார்த்துவிட்டு, இதென்ன தொல்லை என்பது போலத் திரும்பிப் போகிறது. படகைப் பெரிதாக்கி, பலகை பலகையாகத் தேடினார். கயிறு இருந்தது, காய்ந்த இலை இருந்தது. கறி இல்லை.

டாக்டர் ஏமாற்றியிருந்தால் மன்னித்திருப்பார். தோளில் கை போட்டு, 'விடுங்க தம்பி, எல்லாரும் பண்றதுதான்' என்றுகூடச் சொல்லியிருப்பார். அந்த வசனத்தை மனசுக்குள் எழுதியே வைத்திருந்தார். இப்போது அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

கொட்டாவிப் படத்தின் எண் முந்நூற்று எண்பத்தெட்டு. அதிலிருந்து மூன்று தள்ளி வந்தபோது அவருடைய கை நின்றது.

அந்தப் படத்தில் நரி இல்லை. அப்போதுதான் குதித்திருக்க வேண்டும். ஓரத்தில் வால் நுனி மட்டும், கரைந்துபோன புகை மாதிரி. படகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதைச் சுற்றித் தண்ணீரில் வளையங்கள் விரிகின்றன. ஏரி முழுக்க, இப்போதுதான் யாரோ போனார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடமாக அவர் தேடிய படம். எடுத்தவனுக்கு அது ஒரு சொத்தைப் பல்.

அவருக்கு வயிறு எரிந்தது. நெஞ்சுவரை எரிந்தது.

பதினோரு படங்களைத் தனியாக எடுத்தார். பிறகு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றை மட்டும் அதிலிருந்து நீக்கினார். யாருக்குத் தெரியும்? பட்டியலைப் பார்த்தார். தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை. எண் வரிசை விடாமல். அவர் எழுதிய விதி அவரையே பார்த்து இளித்தது. இதைக் கொடுத்தால் டாக்டர் திருடன். கொடுக்காமல் இருந்தாலும் திருடன்தான்.

நீக்கியதைத் திரும்பச் சேர்த்தார். நல்லவனாக இருக்க வேண்டும் என்ற நினைப்பெல்லாம் அப்போது அவருக்கு இல்லை. பரிசு போயிற்று, ஆணி போயிற்று. பொய் சொல்லாதவன் என்ற பெயர் ஒன்றுதான் மிச்சம். அதையும் சகலைக்கே விட்டுக்கொடுத்துவிட்டுப் போவதா?

சங்க அறைக்குள் நுழையும்போது ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. செயலாளர் அம்மாள் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்திருந்தார். டாக்டர் எதிர் நாற்காலியில், பல் பிடுங்க வந்தவர் மாதிரி கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் மீட்டுக் கொண்டுவந்த பதினோரு படங்களும் திரையில் ஓடின. அம்மாள் எண்களைச் சரிபார்த்து, படகைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு கையெழுத்துப் போட்டார். "சுத்தம். பரிசு நிக்குது." பிறகு கடைக்காரரைப் பார்த்து, "நீங்க சந்தேகப்பட்டு வந்து சொன்னதும் நல்லதாப் போச்சு. இனிமே யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது" என்றார்.

கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சுண்ணே. எனக்குன்னு ஒரு நரி வந்து வாயைத் திறக்குமா?"

திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். இப்படி ஒரு மனுஷன் சகலையாக வாய்த்தால் பொறாமைப்படுகிறவனுக்குக்கூட நிம்மதியில்லை.

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தார். "இந்தக் குப்பையெல்லாம் இனி வேணாமில்லம்மா? இது பாருங்க, நரியே இல்ல, தண்ணி மட்டும்தான். அழிச்சுடறேன்." முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று திரையில் இருந்தது. அவருடைய விரல் பொத்தானை நோக்கிப் போயிற்று.

கடைக்காரர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கடைக் கம்ப்யூட்டரில் அவர் பிரதி எடுத்து வைக்கவில்லை, கார்டிலிருந்து இன்னொரு தடவை எழுந்து வரும் என்பதும் நிச்சயமில்லை, கையில் இருந்தது இந்த ஒரு பிரதிதான்.

"கையை எடுடா!"

இத்தனை வருட உறவில் அவர் வாயிலிருந்து 'டா' வந்தது அப்போதுதான். டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்னண்ணே? இதுல என்ன இருக்கு?"

"இதுதான்டா படம். உன் கொட்டாவியெல்லாம் இதுக்கு முன்னால..." அவர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். "உனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். அழிச்சே, உன் பல்லை உடைச்சுடுவேன்."

பல் டாக்டர் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.