கையால் போட்ட எடை

சின்னவளும் அவள் நாத்தனாரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே காரில் ஏறி, ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டை எதிரிக்குக்கூட யாரும் செய்து கொடுக்க மாட்டார்கள். நாத்தனார்தான் டிசைன் பிரிவுக்குத் தலைவி. தம்பி பெண்டாட்டிக்கு வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அதை வாயால் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. கண்ணால் தினமும் சொல்லிக்காட்டினாள்.

சக்கர நாற்காலியை ஆளோடு தூக்கி வேனுக்குள் வைக்கும் லிஃப்ட், அதுதான் கம்பெனியின் சரக்கு. புதிதாக வந்த ஆர்டரில் ஒரு கறாரான நிபந்தனை இருந்தது. லிஃப்டின் எடை நூற்று நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆர்டர் கொடுத்தவரின் சின்ன வேனின் பின்தளம் தாங்காது.

சிக்கல் மோட்டாரில் வந்தது. மோட்டார் வெளியிலிருந்து வாங்குவது. விற்றவர்கள் அனுப்பிய கம்ப்யூட்டர் மாடல் வெறும் வெளிக்கூடு, உள்ளே காற்று. சாப்ட்வேர் அந்தக் கூட்டை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒன்பது கிலோ என்றது. இந்த மாதிரிப் பாகத்துக்குக் கணக்கை ஒதுக்கிவிட்டு எடையை நாமே கையால் அடித்துவிட வழி உண்டு. சின்னவள் மோட்டாரை டிராலியில் தள்ளிக்கொண்டு போய், சரக்கு அனுப்பும் இடத்துத் தராசில் வைத்தாள். இருபத்தொரு கிலோ. வந்து அதையே அடித்தாள். நூற்று முப்பத்துநாலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்த மொத்த எடை நூற்று நாற்பத்தாறுக்குத் தாவியது.

நாத்தனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உன்னை யாரு தராசுல வெச்சுப் பாக்கச் சொன்னா?"

"எடை தெரிய வேண்டாமா, அண்ணி?"

"எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும். போய் உன் வேலையைப் பாரு."

மறுநாள் மொத்தம் நூற்று முப்பத்தொன்பது என்று காட்டியது. சின்னவள் பாகம் பாகமாகத் திறந்து பார்த்தாள். மோட்டாரின் எடை பதினாலு என்று மாறியிருந்தது. அதை அழித்து இருபத்தொன்று போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி பதினாலு. இவள் இருபத்தொன்று, அவள் பதினாலு. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, வாயே திறக்காமல், இரண்டு பேரும் ஒரே மோட்டாரை இளைக்க வைத்துக்கொண்டும் பருக்க வைத்துக்கொண்டும் இருந்தார்கள்.

சண்டை வீட்டுக்கும் வந்தது. "உப்பு வேணுமான்னு அக்காகிட்டக் கேளுங்க" என்பாள் சின்னவள். "உன் பெண்டாட்டி போட்டதே போதும்னு சொல்லு" என்பாள் நாத்தனார். நடுவில் உட்கார்ந்திருந்த புருஷனுக்கு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். "ஒரு நம்பருக்காடி இவ்வளவு?" என்றான்.

"அந்த நம்பரை நம்பித்தாங்க ஒரு ஆள் மேல ஏறி உட்காரப் போறாரு."

"அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றான் அவன். அத்தோடு அவன் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துபோயிற்று.

சின்னவள் முதலாளியிடம் போனாள். அவர் பாதிப் பேச்சிலேயே கையை உயர்த்தினார். "உங்க நாத்தனார் சண்டையை வீட்டு வாசலோட விட்டுட்டு வாங்கம்மா. இங்க கொண்டு வராதீங்க."

அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தராசு காட்டியதை அவள் வாயால் சொன்னால் அது குடும்பச் சண்டை ஆகிவிடுகிறது. அப்படியானால் அந்தத் தராசையே கொண்டுவந்து நிறுத்துவது என்று முடிவு செய்தாள்.

ஆர்டர் கொடுத்தவர் லிஃப்டைப் பார்க்க வந்தார். அவரே சக்கர நாற்காலிக்காரர். தன்னைப் போன்றவர்களுக்காக வேன் ஓட்டும் தொழில் நடத்துகிறவர். சொந்த வேனிலேயே வந்து இறங்கினார். முதலாளி சிரித்துச் சிரித்து வரவேற்றார். ஃபிட்டர் லிஃப்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு வேனுக்கு நகர்த்தும்போது, சின்னவள் பெரிய தராசைத் தள்ளிக்கொண்டு வந்து குறுக்கே நிறுத்தினாள்.

"ஏத்துறதுக்கு முன்னாடி இதுல ஒரு தடவை இறக்குங்க, அண்ணே."

"யாரைக் கேட்டு இதெல்லாம்?" நாத்தனாரின் குரல் உடைந்தது.

"யாரைக் கேக்கணும்? எடை சரியா இருந்தா ஏத்திடப் போறாங்க."

ஃபிட்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வந்தவரைப் பார்த்தார். "இறக்குங்க, பாக்கலாம்" என்றார் வந்தவர்.

நூற்று நாற்பத்தாறரை.

அவர் நாற்காலியைச் சின்னவள் பக்கம் திருப்பினார். நன்றி சொல்வார் என்று மனசின் ஒரு மூலையில் அவள் எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. "உனக்கு முன்னாடியே தெரியுமில்ல? போன்ல சொல்லியிருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேனே. உங்க வேடிக்கைக்கு நானா கிடைச்சேன்?" என்றார். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

திரும்பும்போது காரில் நாத்தனார் ஸ்டியரிங்கை நெரித்துவிடுவதுபோல் பிடித்திருந்தாள். பாதி வழியில் ஓரமாக நிறுத்தினாள்.

"பதினாலுன்னு நான் வானத்துலேர்ந்து பறிச்சுப் போடலை. புது மோட்டாருக்குச் சொல்லியிருக்கேன். பதினாலு கிலோ. வர்றதுக்குத் தாமதமாச்சு. அவரு பாத்துக் கையெழுத்துப் போட்டதும் மாத்திடலாம்னு இருந்தேன்."

"இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, அண்ணி?"

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நீ யாரு எனக்கு?"

"இன்னைக்கு அவரு உட்கார இருந்தது பழைய மோட்டார் வெச்ச லிஃப்ட்ல."

"ஒரு நாள் தாங்கியிருக்கும்."

"தாங்கலைன்னா?"

நாத்தனார் வண்டியை எடுத்தாள்.

முதலாளி அந்த வேலையை நாத்தனாரிடமிருந்து பிடுங்கிச் சின்னவளிடம் கொடுத்தார். பாசத்தால் அல்ல. வாடிக்கையாளர் போனில், "தராசு கொண்டு வந்த பொண்ணு பாக்குறதா இருந்தா மட்டும் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். அறையில் இருந்த மற்றவர்கள் சின்னவள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். கூடப்பிறந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டவளைக் காட்டிக்கொடுத்தவள் என்பது அவர்கள் தீர்ப்பு.

புது மோட்டார் வந்தது. சின்னவள் தனியாகவே தராசில் வைத்தாள். பதினாலுக்கு ஒரு இழைகூட ஏறவில்லை. அதைக் கையால் அடித்தபோது மொத்தம் நூற்று முப்பத்தொன்பது ஆயிற்று. எட்டிப் பார்த்த நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். "இதைத்தானே நான் போட்டேன்? இதுக்காகவா என் மானத்தை வாங்கினே?"

லிஃப்டுகள் போயின, ஆர்டர் நிலைத்தது. வீட்டில் மட்டும் எதுவும் நிலைக்கவில்லை. "அக்கா சொன்ன எடை சரியாத்தானே வந்துச்சு" என்று புருஷன் ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தான்.

"அன்னைக்கு அந்த மோட்டார் இல்லைங்க அதுல."

"இருந்தாலும்..."

அந்த "இருந்தாலும்"தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாதமே தனி வீடு பார்த்தாள். வர விருப்பமிருந்தால் வரலாம் என்று புருஷனிடம் சொன்னாள். அவன் இரண்டு பெட்டியோடு பின்னாலேயே வந்தான், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இப்போது அவள் பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். நாத்தனாரின் கார் சில நாள் பஸ்ஸைத் தாண்டிப் போகும். இருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.